செல்வப்பிரியா வைத்த ப்ராக்ஸி

பொள்ளாச்சிச் சாலையில் கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி மேற்கே கேரளப் பக்கம் வந்தால், மெயின்ரோட்டிலிருந்து பிரியும் மண்தடத்தின் கடைசியில், தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது மோகனசுந்தரத்தின் வீடு. யோகப்பிரியா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, பொள்ளாச்சியில் அவளுடைய அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினாள்.

"மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா இருக்குது. ரெண்டு கண்ணும் தெரியாது, பாவம். கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது, வர்றது எல்லாம் நீதான் பார்த்துக்கோணும்."

அந்த அக்காதான் செல்வப்பிரியா. கணவனின் அக்காளை நங்கை என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். யோகப்பிரியா வந்த மறுநாளே, நங்கை குளிக்கப் போவதைப் பார்த்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். செல்வப்பிரியா நின்றுவிட்டாள்.

"கையை உடு கண்ணு. நீ இழுத்தா எனக்குச் செவுரு எந்தப் பக்கம் இருக்குன்னே மறந்து போயிருது. வெளிய எங்கயாச்சும் போறப்ப நான் உன்ற முழங்கையைப் புடிச்சுக்கறேன். நீ பாட்டுக்கு முன்னாடி நட, போதும்."

சொன்ன தோரணையில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னாள். அம்மா கொடுத்தனுப்பிய 'பாவம்' என்ற சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் யோகப்பிரியா கொஞ்ச நாள் தவித்தாள்.

செல்வப்பிரியா முன்பு கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்த்தவள். கண் நரம்பு வாடிப்போகும் நோய் வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி ஒரு நாள் முழுதாக அணைந்தது. வேலையை விட்டு வீட்டுக்கு வந்தவள் வெகுகாலம் யாரிடமும் பேசவில்லையாம். பிறகு, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் போட்டுக்கொண்டு மறுபடியும் கீபோர்டில் விரல் வைத்தாளாம். இப்போது அதே ஆஸ்பத்திரி அவளை வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கக் கூப்பிட்டிருந்தது. அங்கே ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால், இங்கே இருந்து இவள் அதன் காதைத் திருகுவாள்.

அந்த மென்பொருளின் குரலை முதல்முறை கேட்டபோது யோகப்பிரியாவுக்கு அது பேச்சென்றே தோன்றவில்லை. எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவு வேகம்.

"இது உங்களுக்குப் புரியுதுங்களா நங்கை?"

"நீ சினிமாப் பேரு ஓடறப்ப படிக்கறீல்ல? அப்படித்தான். பழகிப் போச்சு."

சிக்கல் வேலையில் இல்லை, லைனில்தான் இருந்தது. வீட்டுக்கு இண்டர்நெட், தண்ணித் தொட்டிக்கு மேல் நட்டிருந்த இரும்புக் குழாயின் உச்சியிலிருந்த சின்ன டிஷ் வழியாக வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அந்தக் குழாய் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். வருவது ஒரு கைப்பிடி. அதற்கோ வீடு நிறைய ஆட்கள். மாமனார் மோகனசுந்தரம் சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் டிராக்டர் வீடியோ பார்த்தார். மாமியார் முத்தாத்தாள் நேற்றுத் தவறவிட்ட சீரியலை இன்று போனில் பார்த்தாள். கணவன் சிவப்பிரகாஷ் தேங்காய் வியாபாரி. லோடு லோடாக அவன் அனுப்பும் படங்களும் வீடியோக்களும் அந்த வழியாகத்தான் போயின. பற்றாததற்கு, பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் மாமனாரின் தம்பி காளிச்சாமியும் அதே லைனிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் யோகப்பிரியா காப்பி கொண்டுபோனபோது, செல்வப்பிரியா லேப்டாப்புக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஆபீஸ்ல சொல்லிப்போட்டாங்க கண்ணு. நான் பேசறது அங்க துண்டு துண்டாக் கேக்குதாம். இப்படியே இருந்தா வேலையை வேற ஆளுக்கு மாத்தறதைத் தவிர வழியில்லையாம். நல்ல விதமாத்தான் சொன்னாங்க. ஆனா சொல்லிப்போட்டாங்க."

சிவப்பிரகாஷ் லைன்காரரைக் கூப்பிட்டுக் கேட்டான். இந்தத் தடத்துக்கு இதற்கு மேல் தர முடியாது, கேபிள் வரும்போது பார்க்கலாம் என்றார் அவர். 

"வர்றதை அதிகம் பண்ண முடியாதுன்னா, போறதைச் சரி பண்ணிக்கலாம்" என்றாள் செல்வப்பிரியா. "தம்பி, உன்ற பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு தேங்காய்க் குடோன்ல கிடந்துச்சே?"

"அது எதுக்குக்கா? இடி உழுந்து மானிட்டர் போச்சு. பொட்டி மட்டும்தான் இருக்குது."

"பொட்டி போதும். மானிட்டரை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

சிவப்பிரகாஷுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளே சிரித்த பிறகு சிரித்தான்.

அன்று பொழுதோடே பெட்டி வந்து சேர்ந்தது. தேங்காய் நார் உள்ளே போய் அடைந்து கிடந்தது. பல்லி ஒன்று குடும்பம் நடத்தியிருந்தது. செல்வப்பிரியா முன்வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, விரலால் தடவித் தடவித் திருகுகளைக் கழற்றி, வரிசையாகத் தட்டில் வைத்துக்கொண்டாள். பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள். நினைவகப் பட்டைகளை உருவி, அழி ரப்பரால் அவற்றின் ஓரத்தைத் தேய்த்து மறுபடி செருகினாள். 'டக்'கென்று சரியாகப் பொருந்திய சத்தம் கேட்டபோது மட்டும் தலையை ஆட்டிக்கொண்டாள். பல்லியை வெளியேற்றியது மட்டும்தான் யோகப்பிரியா செய்த உதவி.

"இதை என்னங்க பண்ணப் போறீங்க?"

"ப்ராக்ஸி சர்வர்னு பேரு. இப்ப என்னாகுது? இந்த ஊட்டுல ஒவ்வொரு போனும் தனித்தனியா வெளிய ஓடுது. ஒருத்தரை ஒருத்தர் முட்டித் தள்ளிக்கிட்டு ஓடுது. இனிமே எந்தப் போனும் நேரா வெளிய போகாது. என்ன வேணுமோ இந்தப் பொட்டிகிட்டச் சொல்லோணும். இது போய் வாங்கிட்டு வந்து குடுக்கும். யாருக்கு எவ்வளவு வேகம்னு நான் இதுக்குச் சொல்லி வெச்சிருவேன். கேக்காம கூடவே வர்ற விளம்பரக் குப்பையை வாசல்லயே நிறுத்தீரும். குப்பை மட்டும் எவ்வளவு வருதுன்னு நினைக்கறே? நான் ஒரு பக்கச் செய்தி கேக்கறதுக்குள்ள 'படம், படம், பொத்தான், மூடு'ன்னு இது கத்தறதே பாதி நேரம்."

ஒரே ஒரு இடத்தில்தான் கண் தேவைப்பட்டது. பெட்டி உயிர்பெற்றதும், உள்ளே இருக்கும் பழைய டிஸ்கிலிருந்து எழுவதா, புதிதாகச் செருகிய பென்டிரைவிலிருந்து எழுவதா என்று ஆரம்பத்தில் ஒரு பக்கம் கேட்கும். அந்த இடத்தில் எந்தக் குரலும் பேசாது. அதற்கு ஒரு திரை வேண்டும். வீட்டில் இருந்த ஒரே பெரிய திரை கூடத்து டிவி. அதைக் கழற்றப் போன நேரம், முத்தாத்தாளின் சீரியல் தொடங்கும் நேரம்.

"ஏங்கண்ணு, நாளைக்கு வெச்சுக்கக் கூடாதா?" என்றாள் முத்தாத்தாள், மகளைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்து.

"அஞ்சு நிமிஷம்ம்மா" என்றாள் செல்வப்பிரியா. அவள் சொன்ன அஞ்சு நிமிஷத்தில் சீரியல் முடிந்தே போனது.

நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக வந்தன.  யோகப்பிரியா பி.காம் படித்திருந்தாலும், நாலு பேர் முன்னால் இங்கிலீஷ் படிக்கச் சொன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"எனக்கு அர்த்தமெல்லாம் தெரியாதுங்க நங்கை."

"அர்த்தம் என்ற வேலை. எழுத்து உன்ற வேலை. மேல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லு. எந்த வரி வேற கலர்ல இருக்குன்னும் சொல்லு."

அவள் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல, செல்வப்பிரியாவின் விரல் அம்புக்குறிப் பொத்தான்களில் மேலும் கீழும் போனது. "இப்ப கலர் எங்க வந்துச்சு? கீழயா? ஒண்ணு தாண்டிப்போச்சு. இப்ப?" எதிரே இருப்பதைப் பார்க்காமலே அவள் அந்தப் பக்கம் முழுவதையும் மனசுக்குள் வரைந்துகொண்டிருப்பது யோகப்பிரியாவுக்குப் புரிந்தது. ஒரு தடவை யோகப்பிரியா ஒரு வரியை விட்டுவிட்டாள். "இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கோணுமே கண்ணு?" என்று செல்வப்பிரியா கேட்டாள். இருந்தது.

அதன்பிறகு டிவி கூடத்துக்குத் திரும்பியது. பெட்டி ஒரு தடவை 'பீப்' என்றது. செல்வப்பிரியா இரண்டே பொத்தானைத் தட்டினாள். சட்டென்று பெட்டியில் செருகியிருந்த ஸ்பீக்கர், மூக்கடைத்த வெள்ளைக்காரன் மாதிரி இங்கிலீஷில் பேச ஆரம்பித்தது. செல்வப்பிரியாவின் முகம் மலர்ந்ததை யோகப்பிரியா பார்த்தாள். நல்ல ஒறம்பரை, வெகுநாள் பார்க்காத சொந்தம், வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு மலர்ச்சி.

அடுத்த நாள் முழுக்க அவள் தட்டினாள், கேட்டாள், திருத்தினாள். பெட்டியை மாடிப்படிக்கு அடியில், காற்றோட்டமான இடத்தில் வைத்தாயிற்று. ஒவ்வொரு போனிலும் போய் அந்தப் பெட்டியின் முகவரியை எழுதிக் கொடுக்கும் வேலை யோகப்பிரியாவுக்கு. வைஃபை பெயரை அழுத்திப் பிடித்து, ப்ராக்ஸி என்று இருக்கும் இடத்தில் எண்களைப் போட வேண்டும். ரவுட்டரில் மற்ற வழிகளையெல்லாம் செல்வப்பிரியா அடைத்துவிட்டாள்.

முதல் நாள் காலை வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் திறக்கவில்லை. எல்லோர் போனிலும் 'அனுமதி இல்லை' என்று ஒரே மாதிரி பக்கம் வந்தது. மோகனசுந்தரம் போனைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து நின்றார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து காளிச்சாமியின் சத்தம் வேலி தாண்டிக் கேட்டது. எந்த நேரமும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். 

செல்வப்பிரியா பதறவில்லை. பெட்டிக்கு எழுதிக் கொடுத்திருந்த ஆணைகளை ஆதி முதல் ஒவ்வொரு வரியாகப் படிக்கவிட்டுக் கேட்டாள். இந்தத் தடவை குரலை மெதுவாக வைத்துக் கேட்டாள். பாதியில் நிறுத்தி நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"வாசல்ல ஒருத்தனை நிக்க வெச்சு முதல்லயே 'ஒருத்தரையும் உடாதே'ன்னு சொல்லிப்போட்டேன். அதுக்குக் கீழ 'நம்ம ஊட்டாளுகளை உடு'ன்னு எழுதியிருக்கறேன். அவன் முதல் வரியைப் படிச்சதோட கதவைச் சாத்தீட்டு உக்காந்துட்டான். அவன் மேல தப்பில்லை."

இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். வீடு மறுபடி மூச்சுவிட்டது.

முத்தாத்தாளின் சீரியல் மட்டும் திறக்கவில்லை. விளம்பரத்தை நிறுத்தினால் சீரியலும் தர மாட்டேன் என்று அந்தத் தளம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. "என்ற ஒருத்திகிட்டத்தான் இந்தப் பொட்டிக்கு வம்பு" என்று முத்தாத்தாள் முந்தானையை உதறினாள். செல்வப்பிரியா அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தாள். அம்மாவின் விளம்பரங்களோடு அம்மாவின் சீரியல் வந்தது.

மற்றபடி, வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. மாமனாரின் டிராக்டர் கொஞ்சம் மங்கலாக ஓடியது, ஆனால் நிற்காமல் ஓடியது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டவர் பேசி முடிக்கும்போது, "மேடம், புது இடத்துக்கு மாறிட்டீங்களா? பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி இருக்கு" என்றார். அன்று சாயங்காலம் செல்வப்பிரியா ஒரு செய்தியைத் திறந்தாள். குரல் தலைப்பைப் படித்தது, அடுத்த வரியைப் படித்தது, அதற்கடுத்ததைப் படித்தது. நடுவில் எதுவும் குறுக்கே விழவில்லை. கடைசி வரிவரை அவள் அசையாமல் கேட்டாள்.

"இப்படி ஒரே மூச்சுல படிச்சு எத்தனை வருஷமாச்சு" என்றாள். பக்கத்தில் பயறு உரித்துக்கொண்டிருந்த யோகப்பிரியாவின் கை நின்றது. 'பாவம்' என்பது அந்த வீட்டில் யாருக்கும் பொருந்தாத சொல் என்று அவளுக்கு அப்போதுதான் தீர்மானமாகத் தெரிந்தது.

ஆனால் யோகப்பிரியாவுக்குள் வேறொரு பயம் இருந்தது. அது இந்தப் பெட்டி வருவதற்கு முன்பே வந்தது. ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலி இல்லாததுதான் கெட்டது என்று எங்கோ படித்துவிட்டாள். அவளுடைய சித்தி ஒருத்தி அந்த நோயில்தான் போனாள். கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று ஒறம்பரைகள் பேச ஆரம்பித்திருந்த நேரம். இதையும் சொன்னால் சீக்குக்காரி என்ற பேரும் சேர்ந்துகொள்ளும். சிவப்பிரகாஷ் நல்லவன்தான். ஆனால் அவனிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது? அதனால் அவள் போனில் தேடினாள். ஆளில்லாத நேரத்தில் தேடினாள், படித்தாள், அழித்தாள். மறுபடி தேடினாள்.

எல்லாருடைய போனும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது என்று, தன் கையாலேயே எண்களைப் போட்டிருந்தும், அதன்பிறகும் நாலு நாள் தேடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்றிலிருந்து தேடுவதை நிறுத்திவிட்டாள். தேடாமல் இருந்தால் கட்டி கரைந்துவிடுமா? பயம்தான் வளர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காளிச்சாமி வேலியைத் தாண்டி வந்தார். முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். சிவப்பிரகாஷும் இருந்தான்.

"செல்வி, உன்ற பொட்டி வழியாத்தான எங்க ஊட்டு நெட்டும் வருது?"

"ஆமாங்க சித்தப்பா."

"நம்ம நிமி போனும் அதுல வருதில்ல?" நிமி அவருடைய மகள், பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் காலேஜ் போகிறவள். "புள்ளை எந்நேரமும் போனும் கையுமா இருக்குது. என்ன பார்க்குது, எங்க போகுதுன்னு உன்ற பொட்டில தெரியுமாமே? கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன் ஒருத்தன் சொன்னான்."

உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்த யோகப்பிரியாவுக்கு அடுப்புத் தீ நெஞ்சில் ஏறிய மாதிரி இருந்தது. கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

"தெரியுமுங்க" என்றாள் செல்வப்பிரியா. பொய் சொல்லவில்லை. "உள்ளார என்ன படிச்சாங்கன்னு தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனாங்கன்னு பேரும் நேரமும் எழுதி வெச்சிருக்கும்."

"அது போதும். அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

"நான் படிக்க மாட்டனுங்க சித்தப்பா."

"ஏன்?"

"நான் இதை வெச்சது நெட்டைப் பங்கு போடறதுக்கு. ஊட்டாளுகளை வேவு பார்க்கறதுக்கு இல்லீங்க. அவ பத்தொம்பது வயசுப் புள்ளை. என்ன வேணுமோ அவகிட்டயே கேளுங்க. சொல்லுவா."

காளிச்சாமிக்கு முகம் சிவந்தது. "பெத்தவன் கேக்கறேன். இதுல வேவு என்ன வந்துச்சு? டேய் சிவா, நீ சொல்லுடா."

சிவப்பிரகாஷ் இரண்டு பக்கமும் பார்த்தான். "ஒரு தடவை பார்த்துத்தான் சொல்லேன்க்கா. சித்தப்பா மனசுக்குச் சமாதானமாகும். நம்ம ஊட்டுது என்ன, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லையே?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் யோகப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

 செல்வப்பிரியா பக்கத்தில் இருந்த லேப்டாப்பைத் திறந்தாள். காதில் மாட்டும் கருவியைக் கழற்றிவிட்டு, குரல் வெளியே எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"நான் கோயம்புத்தூர்ல இருந்தப்ப, ஆயிரம் பேரு மெஷினைப் பார்த்துக்கிட்டேன் சித்தப்பா. டாக்டருக, நர்ஸுக எல்லாம் என்னை நம்பி வேலை பார்த்தாங்க. ஒருத்தரோடதையும் நான் தொறந்து பார்த்ததில்லை. அங்க செய்யாததை என்ற சொந்த ஊட்டுல செய்யச் சொல்றீங்களா? எழுதி வெக்கறதுனாலதான கேக்கறீங்க? இனி இது எழுதாது."

தட்டினாள். குரல் இங்கிலீஷில் ஒரு வரியைப் படித்தது. "இதுவரைக்கும் எழுதினதை அழிக்கறேன்" என்று சொல்லி இன்னொன்றைத் தட்டினாள். குரல் 'நிச்சயமா?' என்கிற மாதிரி ஏதோ கேட்டது. அவள் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினாள். "முடிஞ்சுது. இப்ப எனக்கே தெரியாது."

காளிச்சாமி எழுந்துபோனார். மோர்க் குவளை நாற்காலிக் கையில் அப்படியே இருந்தது. போகிற போக்கில் ஒயரைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டும் போனார். செல்வப்பிரியா பிடுங்கவில்லை. சிவப்பிரகாஷ் தோப்புக்குள் இறங்கிப் போனான்.

உள்ளே தோசை கருகிய வாசம்.

"யோகா, தோசையைத் திருப்பு கண்ணு" என்று குரல் கொடுத்தாள் செல்வப்பிரியா.

அன்று மத்தியானம் வீடு உறங்கிய நேரத்தில் யோகப்பிரியா செல்வப்பிரியாவின் அறைக்குப் போனாள். கதவுக்கருகில் நின்றாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே முழுதாகத் தெரியவில்லை. காலையில் கேட்டதை மறுபடி மறுபடி மனசுக்குள் கேட்டிருந்தாள். பார்க்க முடிந்தும் பார்க்காத ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள். அவளிடம் சொல்லலாம்.

"நங்கை, நீங்க ஒண்ணுமே பார்க்கலீங்களா? அழிக்கறதுக்கு முந்தி?"

"இல்லை கண்ணு."

"நான் ஒண்ணு தேடிட்டு இருந்தனுங்க."

செல்வப்பிரியா லேப்டாப்பை மூடினாள். கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். யோகப்பிரியா உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்ததும் சித்தியிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். சித்திக்கு எப்படித் தலைமுடி கொட்டியது, எத்தனை சிறுத்துப் போனாள் என்று சுற்றிச் சுற்றிப் போய், கடைசியில் தன்னிடம் வந்தாள். செல்வப்பிரியா ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கையை நீட்டினாள். யோகப்பிரியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிவாவுக்குத் தெரியுமா?"

"இல்லீங்க."

"நீயே சொல்றப்ப சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலம்பற பொள்ளாச்சி போலாம். பொம்பளை டாக்டர் இருக்கற ஆஸ்பத்திரி எதுன்னு நான் விசாரிக்கறேன். எனக்குக் கண்ணு காட்டப் போறம்னு ஊட்டுல சொல்லிக்கலாம். அதை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அழுதுகொண்டிருந்த யோகப்பிரியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் போனார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் செல்வப்பிரியா அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் யோகப்பிரியாவின் கால் பின்வாங்கியது. பேரைக் கூப்பிட்ட பிறகும் நகரவில்லை. யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. முழங்கையைப் பிடித்திருந்த கைதான் அவளை மெல்ல முன்னால் தள்ளியது.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர நாலைந்து நாளாகும் என்றார். அந்த நாட்களில் யோகப்பிரியா எதையும் தேடவில்லை. தேடத் தோன்றியபோதெல்லாம் செல்வப்பிரியாவின் அறைக்குப் போய் உட்கார்ந்தாள். செல்வப்பிரியா அவளுக்கு அந்தப் பெட்டியில் ஆணை எழுதுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தாள். அவளும் எழுத்துப் பிழைகளோடு எழுதினாள். பெட்டி தப்பு என்று சொன்னால் இருவரும் சேர்ந்து அதைத் திட்டினார்கள். ஒரு மத்தியானம் நிமி வேலியைத் தாண்டி வந்து, அப்பா தன்னிடம் நேரிலேயே கேட்டுவிட்டார் என்று சொன்னாள். கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் பழைய கேள்வித்தாள்கள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். தேறாவிட்டால் அவமானம் என்று சொல்லாமல் வைத்திருந்தாளாம். சொல்லிவிட்டு, கேள்வித்தாள் பக்கம் இப்போது சீக்கிரம் திறக்கிறது என்று செல்வப்பிரியாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள்.

முடிவு வாங்கப் போனபோதும் இருவரும்தான் போனார்கள். டாக்டரம்மா காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, இது சாதாரணக் கட்டி, புற்று இல்லை, இந்த வயதில் நிறையப் பேருக்கு வருவதுதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். யோகப்பிரியாவுக்குப் பாதிக்கு மேல் காதில் விழவில்லை. செல்வப்பிரியாதான் கேள்வி கேட்டாள். பெரிதானால் என்ன செய்வது, மாத்திரை ஏதாவது உண்டா, பிள்ளை பெறுவதற்கு இதனால் தடை உண்டா என்று ஒன்று விடாமல் கேட்டு, ஒவ்வொரு பதிலையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டாள்.

வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலிருந்த பேக்கரியில் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். யோகப்பிரியா பாதி டீயிலேயே போனை எடுத்தாள்.

"நான் இப்பவே அவங்ககிட்டச் சொல்லீர்றனுங்க நங்கை. ஊட்டுக்குப் போனா மறுபடி வாய் வராது."

"சொல்லு."

அவள் சொன்னாள். கட்டி என்றாள், ஆஸ்பத்திரி என்றாள், ஒன்றுமில்லையாம் என்றாள். எல்லாம் தலைகீழாகச் சொன்னாள்.   

"எங்க நிக்கறீங்க?" என்றான் சிவப்பிரகாஷ். குரல் அவனுடையது போலவே இல்லை. "பஸ் ஏறாதீங்க. நான் வர்றேன். அங்கயே இருங்க."

லோடு ஏற்றுகிற வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்திருந்தான். பின்னால் தேங்காய் மட்டைகள் இன்னும் கிடந்தன. இறங்கி வந்து யோகப்பிரியாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.  பிறகு அக்காளைப் பார்த்தான்.

"அன்னைக்கு சித்தப்பா வந்தப்பவே உனக்குத் தெரியுமாக்கா? அதனாலதான் எல்லாத்தையும் அழிச்சியா?"

"இல்லைடா" என்றாள் செல்வப்பிரியா. "அவ சொன்னதுக்கு அப்பறம்தான் தெரியும்."

சிவப்பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு வண்டியின் முன்கதவைத் திறந்துவிட்டு, அக்காளின் கை தன் முழங்கையைத் தேடி வரும்வரை காத்து நின்றான்.